வெள்ளம் போன வழி

ஏரிஸ் வாலிஸ் என்ற பெயர் எனக்கு அறிமுகமானது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்பில். 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் காற்றுப் பைகளோடு துள்ளித் துள்ளிச் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ள ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் சாதாரண டாஸ்க் ஒன்று ஒரு பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அதே பூட்டுக்காக அவசர டாஸ்க் ஒன்று காத்து நிற்கிறது. நடுவில் புகுந்த இடைத்தர டாஸ்க், பூட்டை வைத்திருப்பவனை ஓடவே விடவில்லை. அவசர வேலை நடக்காததைக் கண்ட கண்காணிப்பு நிரல் மொத்தத்தையும் ரீசெட் செய்துவிடுகிறது. இதற்குப் பிரயாரிட்டி இன்வர்ஷன் என்று பெயர். பூமியில் உட்கார்ந்தபடியே ஒரே ஒரு அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள். எங்களுக்கு அது பதினாறு மார்க் கேள்வி. கலம் இறங்கிய இடத்தின் பெயர் பாடக்குறிப்பின் ஓரத்தில் அடைப்புக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஏன் இறக்கினார்கள் என்ற கேள்வி வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. அதையும் கேட்க வைத்தது எங்கள் அப்பா. போன வருஷம் தாராபுரத்துக்கு வெளியே ஒரு மனை பார்த்தார். விலை குறைவு, ரோட்டுக்குப் பக்கம். கிழக்கு எல்லையில் ஓர் ஓடை. ஓடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். சீமைக்கருவேல் மண்டிய ஒரு பள்ளம், அதற்குள் ஆட்டுத் தடம். எங்கள் பக்கம் சிற்றோடைக்குப் பள்ளம் என்றே பெயர், ஆகவே இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதான்.

"நாப்பது வருசமா இதுல தண்ணியே வந்ததில்லையாமா. ஊர்ல கேட்டுட்டேன்" என்றார்.

இறங்கிப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் தட்டைக் கற்கள் கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்று, எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து, அலமாரியில் சரிந்த புத்தகங்கள் மாதிரி. இதே சாய்வை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். ஏரிஸ் வாலிஸில்.

*

பாத்ஃபைண்டர் அனுப்பிய படங்களில் சில கற்கள் அப்படித்தான் சாய்ந்திருக்கின்றன. வேகமான நீரோட்டம் தட்டைக் கல்லைப் புரட்டும்போது, எந்த நிலையில் நீர் அதைப் புரட்டுவது கடினமோ அந்த நிலையில் அது அடங்கும். அகன்ற முகம் நீர் வந்த திசையைப் பார்த்துச் சரிந்திருக்கும், தலை நீர் போன திசைக்குச் சாய்ந்திருக்கும். தண்ணீர் போய் எத்தனை காலமானாலும், யாரும் தொடாதவரை, கல் அப்படியே இருக்கும். செவ்வாயில் தொட யாரும் இல்லை. அங்கே அந்தக் காலம் முந்நூறு கோடி வருஷம் அளவுக்கு நீளும்.

ஏரிஸ் வாலிஸ் சுமார் 1,700 கி.மீ. நீளமுள்ள ஒரு வறண்ட கால்வாய். அதன் வாயில் கலத்தை இறக்கக் காரணம் எளிமையானது: பெருவெள்ளம் மேட்டு நிலத்தின் பலவிதப் பாறைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து அங்கே கொட்டியிருக்கும், கலம் அதிக தூரம் நகர வேண்டியதில்லை. சந்தைக்குப் போனால் பத்து ஊர்க் காய் ஒரே இடத்தில் கிடைக்கும் என்ற கணக்குதான். அந்தக் கணக்கை நம்பிப் பல கோடி டாலர் கலத்தை இறக்குமளவுக்கு, அங்கே வெள்ளம் வந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கதையை நூறு வருஷத்துக்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். இல்லை, இன்னும் கொஞ்சம் முன்னால்.

1877இல் செவ்வாய் பூமிக்கு நெருக்கமாக வந்தது. மிலானில் ஷியாபரெல்லி தொலைநோக்கியில் பார்த்து, கிரகத்தின்மேல் கோடுகள் தெரிவதாக வரைந்தார். 'கனாலி' என்று எழுதினார். இத்தாலியத்தில் அது இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய வாய்க்காலையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போகும்போது வெட்டிய வாய்க்கால் என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் 'கால்வாய்' என்ற சொல்லுக்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு என்பதால் நாம் இத்தாலியர் பக்கம். பிறகு அமெரிக்கப் பணக்காரர் பெர்சிவல் லோவல் 1894இல் அரிசோனாவில் ஒரு வானாய்வகமே கட்டி, வறண்டுவரும் கிரகத்து மக்கள் துருவப் பனியை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதித் தள்ளினார். பரம்பிக்குளம் தண்ணீரை மலையைக் குடைந்து காங்கேயம் பக்கம்வரை கொண்டுவந்த பி.ஏ.பி. வாய்க்காலை அவர் பார்த்திருந்தால் குதித்திருப்பார்.

ஷியாபரெல்லி வரைந்துகொண்டிருந்த அதே 1877இல் கோயம்புத்தூர் ஜில்லாவில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். தாது வருஷப் பஞ்சம். எங்கள் வீட்டில் இன்றும் யாராவது அவசரமாகச் சாப்பிட்டால் "தாது வருசத்துல பொறந்தவனாட்டம்" என்பார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் உட்கார்ந்து தண்ணீர் இல்லாத கிரகத்தைப் பற்றிப் படிக்கும்போது இதுபோன்ற தேதிகள் கண்ணில் படுகின்றன.

லோவலின் வாய்க்கால்கள் எல்லாம் கண்மயக்கு. 1965 ஜூலையில் மரினர் 4 பக்கத்தில் பறந்து 22 படங்கள் எடுத்தது. வெறும் விண்கல் குழிகள், நிலாவைப் போல. 1969இல் மேலும் இரண்டு கலங்கள், அதே கதை. செவ்வாய் செத்த கிரகம் என்று பெரும்பாலானோர் முடிவுகட்டிய நேரம் அது.

1971 நவம்பர் 14 அன்று மரினர் 9 செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. வேறொரு கிரகத்தைச் சுற்றிய முதல் கலம். போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல், ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரத்துக்குள் சோவியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 கலங்களும் வந்தன. அவற்றின் நிரலை வழியில் மாற்ற முடியாது. திட்டமிட்டபடி இறங்கு கலங்களைப் புயலுக்குள் விட்டன. ஒன்று மோதி நொறுங்கியது, இன்னொன்று இறங்கிச் சில நொடிகளில் பேச்சை நிறுத்தியது. மரினர் 9க்குப் புது ஆணைகளை அனுப்ப முடிந்தது. 'பொறு' என்று சொன்னார்கள், பொறுத்தது. என் தொழிலில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கோவிலில் எழுதி வைக்கலாம்.

1972 தொடக்கத்தில் புழுதி அடங்கியதும் முதலில் ராட்சத எரிமலைகளின் உச்சிகள் தெரிந்தன, அப்புறம் 4,000 கி.மீ. நீளப் பிளவு, அப்புறம் கால்வாய்கள். நிஜமான கால்வாய்கள், லோவல் வரைந்த எந்தக் கோட்டோடும் பொருந்தாதவை. இவற்றுக்குச் செவ்வாய் என்ற பொருள்தரும் சொற்களையே உலக மொழிகளிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தார்கள். ஏரிஸ் கிரேக்கம். கசேய் ஜப்பானியம். மங்களா சமஸ்கிருதம், அதாவது நம் காலண்டரில் மங்களவாரத்துக்கு உரியவர்.

*

ஆறு என்றால் நமக்குத் தெரிந்தது அமராவதி. ஆனைமலைப் பக்கம் சிறு ஓடைகளாகத் தொடங்குகிறது. குதிரையாறு சேர்கிறது, சண்முகநதி சேர்கிறது, எங்கள் ஊரைத் தாண்டி உப்பாறு, நல்லதங்காள் ஓடை, நங்காஞ்சி, குடகனாறு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, கரூர் பக்கம் காவிரியில் கலக்கும்போது பெரியதாகிறது. ஆறு என்பது சேர்ந்து சேர்ந்து வளர்வது. செவ்வாயின் பெரும் கால்வாய்கள் அப்படி இல்லை. பிறக்கும்போதே முழு அகலத்தோடு பிறக்கின்றன. மேலே துணையாறுகள் கிடையாது. நிலம் உள்வாங்கிச் சரிந்து, பாறைக் கட்டிகள் கன்னாபின்னாவென்று கிடக்கும் ஒரு பள்ளத்திலிருந்து திடீரென்று கிளம்புகின்றன. கசேய் சில இடங்களில் 300 கி.மீ. அகலம். தாராபுரத்திலிருந்து ஒரு கரை தொடங்கினால் மறுகரையைத் தேடிக் கடலுக்குள் போக வேண்டும்.

நடுவில் தீவுகள். ஒரு பக்கம் மொண்ணை, மறுபக்கம் வால்போல் நீண்டு கூர்மையாக, கண்ணீர்த்துளி வடிவம். தமிழுக்கு ஆற்றிடைத் தீவு புதிதில்லை. துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம், ஸ்ரீரங்கமே ஒன்று. ஓடும் நீர் தன் தடையைச் செதுக்கிச் செதுக்கி, கடைசியில் தனக்கு மிகக் குறைவாக எதிர்ப்புக் காட்டும் வடிவத்தில் விட்டுப் போகிறது. பொங்கலுக்கு ஆற்றில் தண்ணீர் விட்ட மறுநாள் அமராவதி மணலில் ஒரு கல்லின் பின்னால் பாருங்கள், உள்ளங்கை அளவில் அதே துளி இருக்கும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் டேனியல் மில்டன் மரினர் 9 படங்களைப் பார்த்து, இது வெள்ளம் என்றார். டெக்சாஸில் விக்டர் பேக்கர் என்ற இளம் ஆய்வாளர் அதே படங்களைப் பார்த்தபோது அவருக்கு அது ஏற்கெனவே நடந்து பார்த்த இடமாகத் தோன்றியது. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதி. அவர் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்த நிலம். இருவரும் 1974இல் சேர்ந்து எழுதிய கட்டுரை, பூமியின் ஒரு மூலையையும் செவ்வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. அந்த மூலையைப் பற்றிப் பேச பேக்கருக்கு வாய்ப்புக் கிடைத்ததற்குப் பின்னால், ஒரு மனிதர் நாற்பது வருஷம் அவமானப்பட்ட கதை இருக்கிறது.

ஜே ஹார்லென் பிரெட்ஸ் சியாட்டிலில் பள்ளி வாத்தியாராக இருந்தவர், உயிரியல் பாடம். ஒருநாள் ஒரு நிலவரைபடத்தில் ஆறே இல்லாத இடத்தில் ராட்சத அருவியின் வடிவத்தைப் பார்த்தார். அது மனதில் தங்கிவிட்டது. பிறகு முறையாகப் புவியியல் படித்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 1922 முதல் கோடை தோறும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பகுதியை நடந்தே அளந்தார். அங்கத்திய விவசாயிகள் அந்த நிலத்தைப் பொருக்கு நிலம் என்றே அழைத்தார்கள். புண் ஆறிக் காய்ந்த பொருக்கு. நல்ல மண் போய்க் கருங்கல் எலும்பு தெரியும் நிலம். அதன் நடுவே மண் மேடுகள் கப்பலின் முன்பக்கம்போல் கூர்ந்து நின்றன. தண்ணீரே இல்லாத ஓர் அருவி விளிம்பு, 5 கி.மீ.க்கு மேல் அகலம், 120 மீட்டர் உயரம்.

1923இல் எழுதினார்: இது மெல்லமெல்ல அரித்ததில்லை, ஒரே பெருவெள்ளம் சில நாட்களில் செய்த வேலை.

புவியியலாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹட்டன், லயல் காலத்திலிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாகப் போராடித்தான் நோவாவின் பிரளயத்தைப் புவியியலிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். இன்று நாம் காணும் மெதுவான செயல்களே நீண்ட காலத்தில் மலையையும் செதுக்கும் என்பது அவர்கள் பட்டுப் பெற்ற அறிவு. இப்போது ஒருவர் வந்து திடீர் வெள்ளம் என்றால், பின்வாசல் வழியே பைபிள் திரும்பி வருகிறது என்றுதான் பட்டிருக்கும். நம் ஊரில் சிக்கல் நேரெதிர். கடல்கோள், குமரிக் கண்டம் என்றால் ஆதாரம் கேட்காமல் நம்பிவிடுவோம். வீட்டுப் பக்கத்து ஓடையில் தண்ணீர் வரும் என்றால் நம்ப மாட்டோம்.

1927 ஜனவரி 12, வாஷிங்டன் நகரின் காஸ்மாஸ் கிளப். பிரெட்ஸைப் பேச அழைத்தார்கள். அழைப்பின் நோக்கம் அவரை மடக்குவது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து மறுத்தார்கள், அவர்களில் பலர் அந்த நிலத்தைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? பிரெட்ஸிடம் உறுதியான பதில் இல்லை. பதில் தெரிந்தவர் அந்த அறையிலேயே இருந்தார். ஜோசஃப் பார்டீ 1910லேயே மொன்டானாவில் ஒரு பழைய பனிக்கால ஏரியைப் பற்றி எழுதியிருந்தவர். பனியாறு பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி அது. பக்கத்திலிருந்தவர் காதில், பிரெட்ஸின் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்று பார்டீ கிசுகிசுத்ததாக ஒரு கதை உண்டு. எழுந்து சொல்லவில்லை. அவருடைய மேலதிகாரிகள் பிரெட்ஸுக்கு எதிரணியில் இருந்தார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்த எவருக்கும் இது புரியும்.

பார்டீ 1940இல்தான் வாய் திறந்தார், அதுவும் சுற்றி வளைத்து. ஏரியின் பழைய அடித்தரையில் ராட்சத மணல் அலைகள் இருப்பதைக் காட்டினார். ஆற்று மணலில் விரல் அகலத்துக்கு இருக்குமே அந்தச் சுருக்கம், அங்கே பல மீட்டர் உயரம். ஆள் மேலே நின்றால் தெரியாது, சாதாரணக் குன்று வரிசை. விமானத்திலிருந்து பார்த்தால்தான் அலை. அவ்வளவு பெரிய அலை உண்டாக வேண்டுமென்றால் ஏரி மொத்தமும் ஒரேயடியாக வடிந்திருக்க வேண்டும். பனி அணை உடைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஏரியில் சுமார் 2,500 கன கி.மீ. தண்ணீர் இருந்தது என்கிறார்கள். நமக்குப் புரியும் அளவில் சொன்னால் ஏறக்குறைய 88,000 டிஎம்சி. மேட்டூர் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஆகவே தொள்ளாயிரத்துக்கும் மேல் மேட்டூர்கள். உச்ச வெள்ளம் விநாடிக்கு 1 கோடியே 70 லட்சம் கனமீட்டர், அதாவது 60 கோடி கனஅடி. பிரெட்ஸின் கட்டுரை வந்த அடுத்த வருஷம், 1924 ஜூலையில், காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அப்போது மேட்டூர் அணை இல்லை; பின்னால் அணைக்கு உபரிநீர் வழி அமைத்தபோது அந்த வெள்ளத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அது விநாடிக்கு நாலரை லட்சம் கனஅடி. மிசௌலா ஏரி உடைந்தபோது போனது அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். அதுவும் ஒருமுறை அல்ல: பனி மறுபடி அடைக்கும், ஏரி நிரம்பும், உடையும். பத்துக்கணக்கில் நடந்திருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் நிறுவினார்கள். அந்த ஒரு விஷயத்தில், ஒரே வெள்ளம் என்ற பிரெட்ஸும் திருத்தப்பட்டார்.

1965இல் பன்னாட்டுப் புவியியலாளர்கள் குழு ஒன்று அந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாங்களும் உங்கள் கட்சிதான் என்ற பொருளில் அவருக்குத் தந்தி அடித்தது. 1979இல் அமெரிக்கப் புவியியல் சங்கம் தன் உயரிய பென்ரோஸ் பதக்கத்தைக் கொடுத்தபோது அவர் தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருந்தார். எதிரிகள் எல்லோரும் செத்துப் போய்விட்டார்கள், பெருமையடிக்க ஆளில்லை என்று மகனிடம் சொன்னாராம். அதற்குள் அவருடைய கால்வாய்களை வைத்து இன்னொரு கிரகத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1976 ஜூலை 4, அமெரிக்காவின் இருநூறாவது சுதந்திர தினத்தன்று வைக்கிங் 1 இறங்க வேண்டும். சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படங்களில், குறித்து வைத்திருந்த இடம் வெள்ளம் அரித்த கரடாகத் தெரிந்தது. கொண்டாட்டத்தைத் தள்ளிவைத்து ஜூலை 20 அன்று வேறிடத்தில் இறக்கினார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற பழைய கேள்வி செவ்வாயிலும் எழுந்தது. 1979இல் மைக்கேல் கார் சொன்ன விளக்கம் இன்றும் மையமாக இருக்கிறது. மேலே பல நூறு மீட்டர் தடிமனுக்கு உறைந்த நிலம், மூடி போல. அடியில் அழுத்தத்தோடு சிறைப்பட்ட நிலத்தடி நீர். எரிமலை வெப்பமோ விண்கல் மோதலோ பிளவோ அந்த மூடியை ஓரிடத்தில் உடைத்தால் நீர் பீறிடும், வெளியேறிய வெற்றிடத்தில் நிலம் உள்வாங்கும். அதுதான் கால்வாய்களின் தலைமாட்டில் கிடக்கும் கட்டிப் பள்ளங்கள். மங்களா வாலிஸ் நிலம் பிளந்த ஒரு விரிசலின் வாயிலிருந்தே கிளம்புவது தெளிவாகத் தெரிகிறது. குக்கர் விசில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை, தண்ணீர் நிலைத்து நிற்காது. ஆனால் இவ்வளவு பெரிய வெள்ளம் ஆவியாகியும் உறைந்தும் தீர்வதற்குள் ஆயிரம் கி.மீ. ஓடிவிடும்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. பனியாறு, காற்று, கரியமில வாயு என்று மாற்றுகள் வந்தன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் லெவரிங்டன் இந்தக் கால்வாய்களை வெட்டியது நீர்த்த எரிமலைக் குழம்பு என்று தொடர்ந்து வாதாடுகிறார்; பல கால்வாய்களின் அடியில் இன்று தெரிவது எரிமலைப் பாறைதான் என்பது அவர் பக்கம் பலம். எனக்கு அவர் சொல்வது முழுதாக ஒப்பவில்லை. ஆனால் காஸ்மாஸ் கிளப் கதையைப் படித்த பிறகு தனியாக நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கத் தயக்கமாக இருக்கிறது.

*

பேக்கர் பின்னால் இந்தியாவுக்கும் வந்தார். புனேவின் விஸ்வாஸ் காலே முதலானவர்களோடு சேர்ந்து 1990களில் நர்மதை, தபதிப் பள்ளத்தாக்குகளில் பழைய வெள்ளங்களைத் தேடினார். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது கிளையோடை வாய்களிலும் பாறைப் பொந்துகளிலும் நீர் தேங்கி நிற்கும். மெல்லிய வண்டல் அங்கே படியும். வெள்ளம் வடிந்தபின் உயரத்தில் அந்தப் படிவு தங்கிவிடும். ஒரு வெள்ளத்துக்கு ஓர் அடுக்கு. யாரும் ஏட்டில் எழுதாத வெள்ளங்களை ஆறே எழுதி வைத்திருக்கிறது. நம் ஆற்று அளவீடுகள் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் போகாது. அடுக்குகள் ஆயிரக்கணக்கில் போகும்.

நம் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தபோது, திட்டத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர் என்பதில் எங்கள் பக்கம் ஒரே பெருமை. அதன் கேமரா எடுத்த மரினர் பள்ளத்தாக்குப் படத்தை அப்பா வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பினார். அதே அப்பாவுக்குத்தான் நான் பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நான் சொன்னது செவ்வாயை அல்ல, அப்பிச்சியை.

அம்மாவின் ஊர் குடகனாற்றங்கரை. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் மேற்கே நகர்ந்து உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. குடகனாறு திண்டுக்கல் பக்கமிருந்து வருவது, வருஷத்தில் பெரும்பாலும் மணல். வேடசந்தூர் தாண்டி அழகாபுரியில் கட்டப்பட்ட மண் அணைக்கு அதிக வயசாகவில்லை. ஆற்றுப் படுகையிலிருந்து பதினொன்றரை மீட்டர் உயரம், அரை டிஎம்சிக்கும் குறைவான கொள்ளளவு, ஐந்து ஷட்டர்கள். விநாடிக்கு 1,275 கனமீட்டர் வெள்ளத்தைத் தாங்கும் கணக்கு. அன்று மின்சாரம் போனது. ஷட்டர்கள் பாதிதான் மேலே ஏறின. ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார்கள், உதவவில்லை. கடைசியில் கையால் சுற்றினார்கள். தண்ணீர் கரையின் உச்சியைத் தாண்டிப் பின்சரிவில் அருவியாக விழுந்தது. மண் கரைக்கு அது போதும். 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளமுள்ள உடைப்புகள், ஒன்றல்ல, பல இடங்களில். இன்று அணைப் பாதுகாப்புப் பாடங்களில் அது ஓர் உதாரணம்.

அப்பிச்சிக்கு உதாரணமெல்லாம் தெரியாது. "மண்ணு போயிருச்சு சாமி" என்று மட்டும் சொல்வார். ஆற்றை ஒட்டிய அவர் காட்டில் இரண்டு முழச் செம்மண் ஒரே ராத்திரியில் போய், அடியிலிருந்த சுக்காம்பாறை வெளியே வந்துவிட்டது. கிணறு இருந்த இடத்தில் உருண்டைக் கற்கள். நடுவில் ஒரு வேம்பு மட்டும் நின்றதாம். அதன் பின்னால் மட்டும் கொஞ்சம் மண், படகு மாதிரி நீளமாக, வால் கூர்ந்து. சின்ன வயதில் நான் அந்த மேட்டின்மேல் விளையாடியிருக்கிறேன். அப்புறம் அந்தக் காட்டில் ஆடுதான் மேய்ந்தது. அம்மாவைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தபோது விற்க அந்தக் காட்டுக்கு விலை இல்லை என்று பாட்டி சொல்லுவார். பொருக்கு நிலம் என்ற சொல்லைப் பிரெட்ஸின் கதையில் படித்தபோது எனக்கு வாஷிங்டன் மாநிலம் ஞாபகத்துக்கு வரவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "அது அணை ஒடஞ்சதுனால. இங்க என்ன அணையா இருக்குது?" என்றார். நியாயமான கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வரும்?

தெரியாது என்பதால் அளந்தேன். பள்ளத்தின் அகலம் 18 மீட்டர், கற்கள் கிடக்கும் அடியிலிருந்து கரைக்கு 2 மீட்டர், சரிவு முந்நூறுக்கு ஒன்று. கரை நிரம்ப ஓடினால் எவ்வளவு போகும் என்று கணக்கிட மேனிங் சூத்திரம் இருக்கிறது. செவ்வாய்க்கும் ஈர்ப்பை மட்டும் மாற்றி இதே வகைக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அங்கே ஈர்ப்பு குறைவு, அதே ஆழம், அதே சரிவில் நீர் நம்மூர் வேகத்தில் சுமார் 60 சதவீதம்தான் ஓடும். எனக்கு வந்த விடை விநாடிக்கு 2,500 கனஅடி. தரையின் சொரசொரப்புக்கு வேறு எண் போட்டால் 3,400. வெள்ளம் கரை நிரம்ப ஓடியதா, பாதிதான் ஓடியதா என்பதைக் கற்கள் சொல்லாது. கசேய்க்கும் ஏரிஸுக்கும் ஆளாளுக்கு வேறு வேறு எண் சொல்வது இதனால்தான். கால்வாயின் விளிம்புவரை தண்ணீர் இருந்ததா, அல்லது சிறு வெள்ளங்கள் பலமுறை வந்து ஆழப்படுத்தியதா என்பதைப் பொறுத்து விடை பல மடங்கு மாறிவிடும்.

ஸ்ப்ரெட்ஷீட்டை போனில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"இத்தன தண்ணி எப்ப வந்துச்சு?"

"தெரியலீங்கப்பா. கல்லத் தள்ளுற அளவுக்கு எப்பவோ வந்திருக்குது."

"நாப்பது வருசத்துக்கு முந்தியா?"

"இருக்கலாமுங்க. ஊர்ல நீங்க கேட்ட ஆளுக்கு என்ன வயசு?"

யோசித்தார். "அம்பது இருக்கும்" என்றார்.

அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார், எனக்குச் சொல்லாமல். பத்திரத்துக்குத் தேதி குறிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டிக்கொண்டு போனார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துக் கரை ஓரம் நிற்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். வீட்டை எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று பார்க்கிறாராம். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து பள்ளத்துக்குள் இறங்கி, சாய்ந்திருந்த கற்களில் ஒன்றை எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை. அடுத்த கல்லின் அடியில் மாட்டியிருந்தது.